கவுண்டி கூட்டத்தில் உங்கள் மூன்று நிமிடம்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

வடக்கு வர்ஜீனியாவில் வீடு வாங்கிக் குடிவரும் நம்மவர்கள் பலருக்கு இது நடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருந்த மரங்களை ஒரு நாள் காலையில் வெட்ட ஆரம்பிக்கிறார்கள். வாட்ஸ்அப் குழு கொதிக்கிறது. யாரோ ஒருவர் இணையத்தில் மனு ஒன்றைத் தொடங்க, இரண்டே நாளில் கையெழுத்துகள் குவிகின்றன. அப்புறம்தான் விஷயம் தெரிய வருகிறது. அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பது பல வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிட்டது. இனிமேல் அதற்கு மக்கள் கருத்தைக் கேட்கும் பொது விசாரணையும் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது.

கவுண்டி (மாநிலத்துக்குக் கீழே உள்ள உள்ளூர் நிர்வாகப் பகுதி) அரசாங்கத்தில் நம் குரல் எடுபடுமா என்று கேட்டால், எடுபடும். ஆனால் எந்தக் கட்டத்தில், யார் முன்னால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. கூட்டம் நடக்கும் ராத்திரியில் மைக் முன்னால் போய் நிற்பது கிட்டத்தட்ட கடைசிப் படி. அதற்கு முன்னால் உள்ள படிகளைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த லவுடன், பிரின்ஸ் வில்லியம் கவுண்டிகளை வைத்தே சொல்கிறேன். மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கான வேறுபாடுகளை நடுவில் ஓர் இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

முதலில், இது யாருடைய வேலை?

ஊரில் ஒரு குறை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்போம். எந்தத் துறையாக இருந்தாலும் கலெக்டர் வாங்கி, உரிய இடத்துக்கு அனுப்பிவிடுவார். இங்கே அப்படி ஒரே வாசல் கிடையாது. தப்பான வாசலில் நின்றால் சிரித்த முகத்துடன் கேட்டுக்கொள்வார்கள், நன்றி சொல்வார்கள், அதோடு சரி.

வர்ஜீனியா கவுண்டியில் முடிவெடுப்பது போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ். லவுடனில் ஒன்பது பேர்: எட்டு மாவட்டங்களுக்கு ஒவ்வொருவர், கவுண்டி முழுக்க வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலைவர் ஒருவர். (இங்கே மாவட்டம் என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி இல்லை, வார்டு மாதிரி.) கவுண்டி அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒருவர் உண்டு, அவர் போர்டு நியமிக்கும் ஊழியர். நிர்வாகத்தை நடத்துவார். கொள்கை முடிவு அவர் கையில் இல்லை.

இனி, இவர்கள் கையில் இல்லாதவை. இதை நன்றாக மனதில் போட்டுக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

பள்ளி எல்லையை மாற்றி உங்கள் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்களா? அது ஸ்கூல் போர்டு. தனியாகத் தேர்தல், தனியாகக் கூட்டம். ஆனால் வர்ஜீனியாவில் ஸ்கூல் போர்டுக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது, பணத்தில் பெரும் பகுதி சூப்பர்வைசர்களிடமிருந்தே வர வேண்டும். ஆக எல்லைக்கு அங்கே, பணத்துக்கு இங்கே.

தெருவில் குழியா? வர்ஜீனியாவில் ஆர்லிங்டன், ஹென்ரைகோ இரண்டைத் தவிர மற்ற கவுண்டிகளில் பொதுச் சாலைகளைப் பராமரிப்பது மாநிலப் போக்குவரத்துத் துறை. குடியிருப்புக்குள்ளே இருக்கும் தனியார் தெரு என்றால் உங்கள் வீட்டுச் சங்கம், அதாவது எச்.ஓ.ஏ. குப்பை, வேலியின் நிறம், விருந்தாளி கார் நிறுத்தம் எல்லாம்கூடப் பெரும்பாலும் எச்.ஓ.ஏ. தலைவலிதான். அதற்காக சூப்பர்வைசருக்கு மின்னஞ்சல் எழுதாதீர்கள்.

உயர் அழுத்த மின்கம்பி விஷயம் இன்னும் சிக்கலானது. ஆஷ்பர்ன் பக்கம் வீடுகளை ஒட்டி மின்கோபுரம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மக்கள் கவுண்டி கூட்டத்துக்குத்தான் ஓடினார்கள். ஆனால் பெரிய மின்தடங்களுக்கு அனுமதி தருவது ரிச்மண்டில் உள்ள மாநில கார்ப்பரேஷன் கமிஷன். கவுண்டி தன் கருத்தைச் சொல்லலாம், தடுத்து நிறுத்த முடியாது. டேட்டா சென்டரின் (இணையத்துக்கான கணினிகளை வைத்திருக்கும் பெரிய கட்டடம்) டீசல் ஜெனரேட்டருக்குக் காற்று மாசு அனுமதியும் மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம். அதே ஜெனரேட்டரின் சத்தம் என்றால் கவுண்டி. ஒரே இயந்திரத்தின் புகை ஓரிடம், சத்தம் வேறிடம். சிரிக்கத்தான் தோன்றும், ஆனால் நடைமுறை இதுதான்.

27 மணி நேரம் பேசியும் மாறாதது

மேலே போவதற்கு முன், பக்கத்து கவுண்டியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் புதிதாக வருகிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய எல்லாம் அந்த ஒரே கதையில் இருக்கிறது.

பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில் மனாசஸ் உள்நாட்டுப் போர்க்களப் பூங்காவை ஒட்டி 2,100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை டேட்டா சென்டர்களுக்காக மாற்றும் திட்டம் வந்தது. டிஜிட்டல் கேட்வே என்று பெயர். 2023 டிசம்பர் 12 அன்று பொது விசாரணை தொடங்கியது. நூற்றுக்கணக்கானோர் பேசப் பதிவு செய்திருந்தார்கள். பகல் போய், இரவு போய், மறுநாள் பகலும் வந்தது. ஏறத்தாழ 27 மணி நேரம். முடிவில் வாக்கெடுப்பு: ஆதரவு 4, எதிர்ப்பு 3, ஒருவர் வாக்களிக்கவில்லை. திட்டம் நிறைவேறியது.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. அந்தப் போர்டின் தலைவர் அதே ஆண்டு ஜூனில் தன் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலிலேயே தோற்றுப் போயிருந்தார். டேட்டா சென்டர் பிரச்சினை அதற்கு முக்கியக் காரணம். அவரைத் தோற்கடித்தவர் ஜனவரியில் பதவியேற்க இருந்தார். அதற்குள் பழைய போர்டே முடிவை எடுத்துவிட்டது.

கதை அங்கே முடியவில்லை. குடியிருப்பவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2025 ஆகஸ்டில் சர்க்யூட் கோர்ட் நீதிபதி அந்த நில மாற்றம் செல்லாது என்றார். டேட்டா சென்டர் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குள்ளேயே அவர் போகவில்லை. பொது விசாரணைக்கான அறிவிப்பு, சட்டம் சொன்ன முறைப்படி, சொன்ன கால இடைவெளியில் செய்தித்தாளில் வெளியாகவில்லை என்பதுதான் அடிப்படைக் காரணம். வழக்கு அப்புறம் மேல்முறையீட்டுக்குப் போனது.

நூற்றுக்கணக்கானோர் இரவு முழுக்கப் பேசியது வாக்கை மாற்றவில்லை. செய்தித்தாளின் ஒரு மூலையில் வந்த விளம்பரம் அந்த முடிவையே கவிழ்த்தது. நடைமுறைதான் இங்கே ஆயுதம் என்று நான் விடாமல் சொல்வது அதனால்தான்.

நிலம் பற்றிய விஷயமா? கோப்பு எண்ணைப் பிடியுங்கள்

கவுண்டி கூட்டங்களில் மக்கள் அதிகமாகக் கூடுவது நிலம் பற்றித்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு மண்டலம் உண்டு: குடியிருப்பு, வணிகம், தொழில் என்று. அந்த மண்டலத்தில் இயல்பாக அனுமதிக்கப்பட்டதைக் கட்டுவதற்கு யார் வாக்கும் வேண்டாம். ‘பை ரைட்’ என்பார்கள். வரைபடம் விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று அலுவலர்கள் சரிபார்ப்பார்கள், அவ்வளவுதான். லவுடனில் பல இடங்களில் டேட்டா சென்டர்கள் இப்படித்தான் விசாரணை ஏதும் இல்லாமல் எழும்பின. 2025 மார்ச்சில்தான் போர்டு அந்த வழியை மூடியது. இப்போது புதிதாக வரும் டேட்டா சென்டருக்குத் தனி அனுமதி வேண்டும், அதற்குப் பொது விசாரணை உண்டு. அதற்கு முன்பே வரிசையில் இருந்தவற்றின் கதை வேறு.

எனவே, வீடு வாங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் காலி நிலம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று கவுண்டியின் இணைய வரைபடத்தில் பாருங்கள். லவுடனில் அதற்கு வெப்லோஜிஸ் என்று பெயர். முகவரியை அடித்தால் வந்துவிடும், பத்து நிமிட வேலை. ‘காட்டைப் பார்த்த மாதிரி இருக்கிறது’ என்று விளம்பரம் செய்த வீடுகள் எத்தனையோ. அந்தக் காடு யாருடையது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மண்டலத்தையே மாற்றக் கேட்டால் அது ரீசோனிங். மண்டலத்தை மாற்றாமல், சிறப்பு அனுமதி கேட்டால் ஸ்பெஷல் எக்ஸெப்ஷன். இந்த இரண்டிலும்தான் நமக்கு இடம் இருக்கிறது. சம்பந்தப்பட்ட நிலத்தில் அறிவிப்புப் பலகை நடுவார்கள், ஒட்டியுள்ள நிலத்துக்காரர்களுக்குக் கடிதம் வரும். அந்தக் கடிதத்தை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பலகையைப் பார்த்தால் காரை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விண்ணப்ப எண் இருக்கும். லவுடனில் ரீசோனிங் விண்ணப்ப எண்கள் ‘ஸீமேப்’ என்றும் சிறப்பு அனுமதி எண்கள் ‘ஸ்பெக்ஸ்’ என்றும் தொடங்கும். அந்த எண்ணை வைத்துக் கவுண்டியின் நில விண்ணப்ப இணையதளத்தில் தேடினால் விண்ணப்பக் கடிதம், வரைபடம், போக்குவரத்து ஆய்வு, அலுவலர்களின் கேள்விகள், அதற்கு நிறுவனம் தந்த பதில்கள் எல்லாம் கிடைக்கும்.

இவற்றில் முதலில் படிக்க வேண்டியது ஸ்டாஃப் ரிப்போர்ட். திட்ட அலுவலர்கள் எழுதுவது. நிறைய இடங்களில் நாம் கேட்க நினைத்ததை அவர்கள் ஏற்கனவே கேட்டிருப்பார்கள்: மரங்கள் எவ்வளவு அகலத்துக்கு விடுகிறீர்கள், இந்தச் சந்திப்பில் சிக்னல் வேண்டாமா என்று. ‘உங்கள் அலுவலரே தன் அறிக்கையில் இந்தக் கவலையைச் சொல்லியிருக்கிறார்’ என்று நீங்கள் ஆரம்பித்தால் சூப்பர்வைசர் பேனாவைக் கையில் எடுப்பார்.

அடுத்தது பிளானிங் கமிஷன். சூப்பர்வைசர்கள் நியமித்த ஆட்கள் இவர்கள். இவர்கள் தருவது பரிந்துரைதான், ஆனால் அங்கேயே வரைபடம் கணிசமாக மாறும். அங்கேயும் பொது விசாரணை உண்டு. கூட்டம் குறைவாக இருக்கும், பொறுமையாகக் கேட்பார்கள். போர்டு முன்னால் போய்ப் பத்து பேர் பேசுவதை விட இங்கே இரண்டு பேர் உருப்படியாகப் பேசுவது மேல் என்பது என் கருத்து.

என்ன கேட்பது? ‘வேண்டவே வேண்டாம்’ என்று சொல்லலாம், தவறில்லை. ஆனால் அது மட்டும் பேசினால், திட்டம் நிறைவேறும்போது உங்களுக்கென்று எதுவும் கிடைக்காது. வர்ஜீனியாவில் ‘ப்ராஃபர்’ என்று ஒன்று உண்டு: விண்ணப்பதாரர் தானாக முன்வந்து எழுத்தில் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகள். கட்டடத்தின் உயரம், வேலியிலிருந்து தூரம், மரவரிசை, விளக்குகள் கீழ்நோக்கி இருப்பது, கட்டுமான லாரிகள் எந்தச் சாலையில் வரலாம் என்பது வரை. போர்டு ஒப்புதல் கொடுத்துவிட்டால் அவை நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும், நாளைக்கு நிலம் கைமாறினாலும். எனவே எதிர்ப்பவர்களும்கூட, ‘ஒருவேளை ஒப்புதல் தருவதாக இருந்தால் இந்த மூன்றையும் சேர்த்துவிடுங்கள்’ என்ற இரண்டாவது பட்டியலைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம்

நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். வர்ஜீனியாவில் வழக்கமான கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். லவுடனில் பொதுவாக மாதத்தின் முதல், மூன்றாம் செவ்வாய்க்கிழமைகளில் போர்டு கூட்டம், இரண்டாம் புதன்கிழமை பொது விசாரணை. இடம் லீஸ்பர்க்கில் உள்ள கவுண்டி அலுவலகம். விடுமுறையை ஒட்டித் தேதிகள் நகரும் என்பதால் காலண்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நிரலில் ‘கன்சென்ட்’ என்ற தலைப்பில் கட்டாகப் பல விஷயங்கள் இருக்கும். ஒரே வாக்கில் மொத்தமாகப் போய்விடும், விவாதம் இருக்காது. உங்கள் விஷயம் அதற்குள் போயிருந்தால், தனியாக எடுக்கச் சொல்லி உங்கள் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

சூப்பர்வைசருக்கு எழுதும்போது சில விஷயங்கள். தலைப்பிலேயே விண்ணப்ப எண். முதல் வரியில் நீங்கள் எந்தக் குடியிருப்பில் இருக்கிறீர்கள் என்பது. மூன்றாவது வரிக்குள் உங்கள் கோரிக்கை வந்துவிட வேண்டும். உங்கள் மாவட்டத்துக்காரருக்கு மட்டும் அனுப்பாமல் ஒன்பது பேருக்கும் அனுப்புங்கள். வாக்கு ஒன்பது பேருக்கும் இருக்கிறது. யாரோ எழுதிக் கொடுத்ததை முந்நூறு பேர் அப்படியே ஒட்டி அனுப்பினால் உதவியாளர் அதை ‘ஒரே மாதிரி 300’ என்று எண்ணி வைப்பார். சொந்தமாக எழுதின ஐந்து கடிதங்களைப் படிப்பார்.

நேரில் சந்திக்கவும் கேட்கலாம். பெரும்பாலான சூப்பர்வைசர்கள் முழு நேர அரசியல்வாதிகள் இல்லை, வேறு வேலையும் இருக்கும். உதவியாளர்தான் எல்லாம் பார்ப்பார். அந்த உதவியாளரை அலட்சியமாக நினைக்க வேண்டாம். உங்கள் தெருவின் பிரச்சினையை அவருக்குப் புரியவைத்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

மைக் முன்னால்

பேசப் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலோ, தொலைபேசியிலோ, வாசலில் உள்ள தாளிலோ. சில கவுண்டிகளில் தொலைபேசி மூலமாகவே பேசவும் விடுவார்கள். ஒருவருக்கு இரண்டிலிருந்து மூன்று நிமிடம் என்பது வழக்கம். சங்கத்தின் சார்பில் பேசுபவருக்குச் சில இடங்களில் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

உள்ளே போனால் மேடையில் அரைவட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள், முக்கால்வாசி நேரம் தப்பாகத்தான் உச்சரிப்பார்கள். பரவாயில்லை, நீங்கள் ஒரு முறை சரியாகச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பதிவில் சரியாக வரும். எதிரே கடிகாரம் ஓடும். பச்சை விளக்கு, அப்புறம் மஞ்சள், அப்புறம் சிவப்பு. சிவப்பு வந்தபின் நீங்கள் எவ்வளவு முக்கியமான வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்தச் சொல்வார்கள். மூன்று நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினால் ஏறக்குறைய ஒரு பக்கம். வீட்டில் கைப்பேசியில் நேரம் வைத்து இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். மனதுக்குள் படித்தால் எல்லாமே இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிற மாதிரிதான் தெரியும்.

‘நாங்கள் உழைத்துச் சம்பாதித்த பணத்தில் கனவு வீடு வாங்கினோம்’ என்று தொடங்கும் பேச்சை அவர்கள் ஆயிரம் முறை கேட்டிருக்கிறார்கள். உணர்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டு விலை இறங்கும் என்ற பயத்தை விட, சட்டப்படி அவர்கள் கணக்கில் எடுக்கக்கூடிய விஷயங்களான போக்குவரத்து, சத்தம், மழைநீர் வடிகால், கவுண்டியின் நீண்டகாலத் திட்டத்தோடு பொருந்துவது ஆகியவற்றுக்கு எடை அதிகம். உதாரணத்துக்கு இப்படி ஒரு பேச்சை வைத்துக்கொள்ளுங்கள்:

‘வரைபடத்தின் ஆறாம் பக்கத்தில் ஜெனரேட்டர்கள் எங்கள் வேலியிலிருந்து 180 அடியில் காட்டப்பட்டுள்ளன. கட்டடத்தின் மறுபக்கம் நெடுஞ்சாலைதான் இருக்கிறது, வீடுகள் இல்லை. ஜெனரேட்டர்களை அந்தப் பக்கம் மாற்றச் சொல்லுங்கள். மாதாந்திர சோதனை ஓட்டத்தை வார நாட்களில் பகலில் மட்டும் நடத்த வேண்டும் என்று நிபந்தனையில் எழுதச் சொல்லுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் இதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.’

முப்பது நொடிதான் ஆகும். பக்க எண் இருக்கிறது, தூரம் இருக்கிறது, மாற்று வழி இருக்கிறது. இதைக் கேட்ட பிறகு ஒரு சூப்பர்வைசராவது விண்ணப்பதாரரைப் பார்த்து, ‘ஏன் மாற்ற முடியாது?’ என்று கேட்பார். அந்தக் கேள்வியை அவர்கள் வாயிலிருந்து வரவழைப்பதற்குத்தான் நீங்கள் அங்கே போகிறீர்கள். பேசும்போது அவர்கள் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். அது அலட்சியம் இல்லை, முறை அப்படி.

பத்து பேராகப் போனால் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாலை, ஒருவர் சத்தம், ஒருவர் பள்ளிப் பேருந்து. பேசாதவர்கள் ஒரே நிறச் சட்டையில் வந்து உட்கார்ந்தாலே போதும். கைதட்டல், கூச்சல் வேண்டாம். தலைவர் சுத்தியலைத் தட்டுவார், வாக்கு உங்கள் பக்கம் சாய்ந்தவரும் முகம் சுளிப்பார். ஒன்று மட்டும்: சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உங்கள் விஷயம் எத்தனை மணிக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வரி பற்றிப் பேச மார்ச் ஏற்கனவே தாமதம்

ஆண்டுத் தொடக்கத்தில் வீட்டின் மதிப்பீடு தபாலில் வரும். அந்த மதிப்பீடு தவறு என்றால் அது போர்டின் வேலை இல்லை. மதிப்பீட்டு அலுவலகம், அதற்கு மேல் போர்டு ஆஃப் ஈக்வலைசேஷன். போர்டு முடிவு செய்வது விகிதத்தை. லவுடனில் 2025க்கான விகிதம் 100 டாலருக்கு 80.5 சென்ட். 8 லட்சம் டாலர் வீட்டுக்கு 6,440 டாலர். (கார் வரி தனி. வர்ஜீனியாவுக்கு வரும் எல்லோரும் முதல் வருடம் அதிர்ச்சி அடைவது அதில்தான்.)

விகிதத்தை இறுதி செய்யும் முன் ஓர் உச்ச விகிதத்தை அறிவித்து விளம்பரம் செய்ய வேண்டும். விளம்பரம் செய்ததை விடக் குறைவாகப் போர்டு முடிவெடுக்கலாம். அதை விட அதிகமாக்க வேண்டுமென்றால் மறுபடி விளம்பரம் செய்தாக வேண்டும். ஆக அந்த அறிவிப்பு வந்ததுமே கூரை எங்கே என்று முடிவாகிவிடுகிறது. பள்ளிக்கு அதிகப் பணம் வேண்டும் என்பவர்களும் சரி, வரி ஏறக்கூடாது என்பவர்களும் சரி, அதற்கு முன் எழுத வேண்டும். இவர்கள் இருவரும் பெரும்பாலும் ஒரே வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறார்கள், சில நேரம் ஒரே ஆள்தான்.

டேட்டா சென்டரைத் திட்டும்போதும் இது நினைவில் இருக்கட்டும். லவுடனில் வீட்டு வரி விகிதம் பக்கத்தில் உள்ள ஃபேர்ஃபாக்ஸ், பிரின்ஸ் வில்லியம் கவுண்டிகளை விடக் குறைவாக இருப்பதற்கு அந்தக் கட்டடங்களில் உள்ள கணினிகள் மீதான வரிதான் பெரிய காரணம். சூப்பர்வைசர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வேறு மாநிலங்களில்

டெக்சஸில் கவுண்டியை நடத்துவது கமிஷனர்ஸ் கோர்ட். தலைவருக்கு கவுண்டி ஜட்ஜ் என்று பெயர். பெயரைப் பார்த்து நீதிமன்றம் என்று பயப்பட வேண்டாம். அங்கே கவுண்டிகளுக்குப் பொதுவாக மண்டல அதிகாரமே கிடையாது, ஃப்ரிஸ்கோ, பிளேனோ போன்ற இடங்களில் நில விஷயத்துக்கு நகராட்சிக்குப் போக வேண்டும். நியூ ஜெர்சியிலும் நிலம் டவுன்ஷிப் கையில். எடிசனில் இருந்தால் கவுண்டி கூட்டத்தில் இதைப் பேசிப் பயனில்லை. கலிஃபோர்னியாவில் 1953ல் வந்த பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும், பொதுமக்கள் பேச வாய்ப்பும் தர வேண்டும். கனெக்டிகட்டில் கவுண்டி அரசாங்கமே கிடையாது.

ஜார்ஜியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ரீசோனிங் விசாரணையில் ஒவ்வொரு தரப்புக்கும் குறைந்தது பத்து நிமிடம் சட்டப்படி உண்டு. அந்தப் பத்து நிமிடம் ஒருவருக்கு இல்லை, எதிர்ப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் என்று ஆகிவிடலாம். யார் பேசுவது என்று முன்பே பேசி வையுங்கள். முடிவெடுக்கும் உறுப்பினருக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் 250 டாலரோ அதற்கு மேலோ தேர்தல் நன்கொடை கொடுத்தவர் எதிர்த்துப் பேசுவதாக இருந்தால், விசாரணைக்கு ஐந்து நாட்கள் முன்பே அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். யாரோ அழைத்த விருந்தில் தாராளமாகச் செக் கிழித்துக் கொடுத்தவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

விசாவில் இருப்பவர்கள்

‘நான் எச்1பி, நான் பேசலாமா?’ என்பதுதான் எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்பது. பேசலாம். பொது விசாரணையில் பேசக் குடியுரிமை வேண்டியதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. கவுண்டியில் வசிப்பவரா, நிலம் வைத்திருப்பவரா என்று மட்டும் சில இடங்களில் கேட்பார்கள். கூட்டம் படமாக்கப்பட்டு இணையத்தில் பல வருடங்கள் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அது சங்கடம் என்றால் எழுத்தில் கொடுங்கள். அதுவும் பதிவில் சேரும், ஆனால் அதுவும் பொது ஆவணம்தான்.

செய்யக்கூடாதவை இரண்டு. வாக்களிக்கக் கூடாது. அப்புறம், கிரீன் கார்டு இல்லாதவர்கள் எந்தத் தேர்தலுக்கும், கவுண்டித் தேர்தலானாலும், நன்கொடை கொடுக்கக் கூடாது. அது கூட்டாட்சிச் சட்டம். நண்பர் வீட்டுத் தோட்டத்தில் சூப்பர்வைசருடன் சந்திப்பு என்று கூப்பிட்டு, வாசலில் க்யூஆர் கோடு வைத்திருப்பார்கள். சாப்பிடுங்கள், பேசுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடை ஸ்கேன் செய்ய வேண்டாம்.

பெரியவர்கள் தமிழில்தான் பேச முடியும் என்றால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று போர்டின் கிளார்க்கிடம் ஒரு வாரம் முன்பே கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பிள்ளைகள் உடன் நின்று மொழிபெயர்க்கலாமா, அந்த நேரம் கணக்கில் வருமா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாக்கெடுப்புக்கு அப்புறம்

அன்று இரவே முடிவு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். லவுடனில் பல விண்ணப்பங்கள் விசாரணை முடிந்ததும் பின்னால் வரும் கூட்டத்துக்கோ, போக்குவரத்து–நிலப் பயன்பாட்டுக் குழுவுக்கோ தள்ளப்படும். ‘டிஃபர்’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பலரும் தோற்றுவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் பேரம் நடப்பது அந்த இடைவெளியில்தான். விண்ணப்பதாரரின் வழக்கறிஞர் ஒவ்வொரு சூப்பர்வைசரையும் பார்ப்பார். நீங்களும் பாருங்கள். திருத்திய ப்ராஃபர் வந்ததும் பழையதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ‘வேண்டும்’ என்று இருந்த இடத்தில் ‘முயற்சி செய்யப்படும்’ என்று மாறியிருக்கும்.

முடிவு எதிராக வந்தால், வர்ஜீனியாவில் நில மாற்ற முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்க 30 நாட்கள்தான். வழக்கறிஞரைத் தேடவே அதில் பாதி போய்விடும். எனவே அறிவிப்புப் பலகையின் படம், தபாலில் வந்த கடிதத்தின் உறை, செய்தித்தாள் அறிவிப்பு வந்த தேதிகள் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பிரின்ஸ் வில்லியம் வழக்கில் எது நின்றது என்று மேலே பார்த்தோம். கவுண்டியின் மின்னஞ்சல்கள், ஆவணங்கள் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஐந்து வேலை நாட்களுக்குள் ஏதாவது ஒரு பதில் வர வேண்டும். ‘எல்லா மின்னஞ்சலும்’ என்று கேட்டால் பெரிய தொகையைக் கட்டணமாகச் சொல்வார்கள். தேதி, விண்ணப்ப எண், யாருக்கு யார் எழுதியது என்று சுருக்கிக் கேளுங்கள்.

குடியுரிமை வாங்கியவர்களுக்கு: லவுடன் சூப்பர்வைசர்கள் ஒன்பது பேருக்கும் அடுத்த தேர்தல் 2027 நவம்பரில். அதிபர் தேர்தலுக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தில் ஒரு பகுதிகூட இதற்கு வருவதில்லை. அதற்கு முந்தைய முதல்நிலைத் தேர்தலுக்கு வருவது இன்னும் குறைவு, பிரின்ஸ் வில்லியத்தில் தலைவர் தோற்றது அப்படிப்பட்ட ஒன்றில்தான். வர்ஜீனியாவில் வாக்காளராகப் பதியும்போது கட்சி எதையும் குறிப்பிட வேண்டியதில்லை. இரு கட்சிகளுக்கும் முதல்நிலைத் தேர்தல் நடந்தால் உங்களுக்குப் பிடித்த ஒன்றில் வாக்களிக்கலாம்.